வெளியே ஏழு டிரைவர்கள், உள்ளே ஒருவரும் இல்லை

வாலிநோக்கம் பக்கத்தில் ஓர் உப்பளம். அதன் எடைமேடை அறையில் இருந்த கணினி 2017 பங்குனியில் ஒரு காலைப்பொழுதில் செத்துப்போனது. அது செத்ததைவிட ஏழு ஆண்டு உயிரோடு இருந்ததுதான் எனக்கு வியப்பு. பெட்டியைத் திறந்தபோது மதர்போர்டின் ஓரங்களில், விளக்காமல் விட்ட குத்துவிளக்கில் ஏறுமே, அதே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

ராமநாதபுரம் அரண்மனை வாசலுக்குப் பக்கத்துச் சந்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரப் பெட்டிகள் என்னிடம் வரும். ராமேசுவரத்தில் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று சாது, மற்றது முரடு. மதர்போர்டுக்கு அந்தப் பேதம் தெரியாது. இரண்டு கரையிலும் ஒரே மாதிரிதான் அரிக்கிறது. மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்பு ஜாடிக்குள் நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மதர்போர்டில் படிந்த உப்புத்தூசியும் அதையேதான் செய்கிறது. மின்சாரம் ஓடும் செம்புத் தடங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக, எங்கள் பக்கத்தில் இயந்திரம் சாகிறது, அதில் ஓடிய நிரல் சாவதில்லை. பழைய விண்டோஸைப் புதிய கணினியில் ஏற்றும் பிழைப்பு எனக்கு வாய்த்தது இதனால்தான். ஆசைப்பட்டு யாரும் அதைச் செய்வதில்லை.

அந்த உப்பளத்தின் கதையும் அதுதான். காலி லாரியை மேடையில் ஏற்றி ஓர் எடை, உப்பு ஏற்றிய பிறகு ஓர் எடை, கழித்து ஒரு சீட்டு. இவ்வளவுதான் வேலை. அந்த நிரலை 2010இல் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய தொலைபேசி எண்ணை அழைத்தால் வேறு ஊரில் வேறு ஒருவர் எடுத்தார். நிரல் ஓடுவதற்கு யுஎஸ்பியில் ஒரு டாங்கிள், அதாவது உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு கருவி, செருகியிருக்க வேண்டும். அந்த டாங்கிளுக்கான டிரைவர் (ஒரு வன்பொருளோடு பேச விண்டோஸுக்குத் தேவையான சிறு நிரல்) 32 பிட் விண்டோஸ் 7க்கு எழுதப்பட்டது. என் கடையில் விண்டோஸ் 10 இருந்த ஒரு கணினியில் செருகிப் பார்த்தேன்; விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை விழுந்தது. மறுபடி செருகினேன், மறுபடி விழுந்தது. விண்டோஸ் 7 தவிர வழியில்லை என்று அப்போது முடிவு செய்தேன். அது முழுச் சரியான முடிவு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் வயல் வெடித்துக் கிடந்தது. உப்பளத்துக்கோ மழை இல்லாததே வரம். பாத்திகளில் உப்பு விளைந்து குவிந்திருந்தது. லாரிகள் வரிசை கட்டி நின்றன. முதலாளியின் மகன் நான் சொல்வதற்குள் மதுரைக்குப் போய்ப் புதுக் கணினி வாங்கி வந்துவிட்டார். ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3, எச்110 சிப்செட் மதர்போர்டு, 120 ஜிபி எஸ்எஸ்டி. நல்ல சாமான்தான். வாங்கும் முன் ஒரு தொலைபேசி செய்திருந்தால் எனக்கு நான்கு நாள் மிச்சமாகியிருக்கும்.

பென் டிரைவில் விண்டோஸ் 7ஐ ஏற்றிக்கொண்டு போனேன். பயாஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் ஓடும் மதர்போர்டின் சொந்த நிரலில், கீபோர்டு வேலை செய்தது. பூட் வரிசையை மாற்றினேன். விண்டோஸ் சின்னம் ஒளிர்ந்து, மொழியைக் கேட்கும் முதல் திரையும் வந்தது. அங்கே கீபோர்டு செத்தது, மவுஸும் செத்தது. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

காரணம் எனக்கு அன்றைக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கணினியை இயக்கியதும் யுஎஸ்பியைப் பார்த்துக்கொள்வது பயாஸ். விண்டோஸ் எழுந்ததும் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. அப்போது அதனிடம் சொந்த டிரைவர் இருக்க வேண்டும். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். யுஎஸ்பி 3.0 விவரக்குறிப்பு அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியாகியிருந்தது; விண்டோஸ் 7க்குள் அதற்கு டிரைவர் வைக்கவில்லை, விண்டோஸ் 8இல்தான் வைத்தார்கள். ஆனாலும் பல ஆண்டுகள் யாருக்கும் இது உறைக்கவில்லை. மதர்போர்டுகளில் யுஎஸ்பி 2.0க்கான இஎச்சிஐ கட்டுப்படுத்தியும் கூடவே இருந்தது. 2015இல் ஆறாம் தலைமுறையோடு வந்த 100 வரிசை சிப்செட்டில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. எல்லாத் துளைகளும் எக்ஸ்எச்சிஐ என்ற ஒரே கட்டுப்படுத்தியின் கீழ் வந்தன. கறுப்பு நிறத் துளையில் செருகினால் பழைய யுஎஸ்பியாக நடந்துகொள்ளும் என்று நான் ஒவ்வொரு துளையாக மாற்றிச் செருகியதெல்லாம் வீண்.

கணக்கர் அண்ணன் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, என்ன குறை?” என்றார்.

“டிரைவர் இல்லை அண்ணே.”

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எடை போடக் காத்திருந்த ஏழு லாரிகளின் டிரைவர்களும் வேப்பமர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். “ஏழு பேர் இருக்கிறார்களே, யார் வேண்டும்?” என்றார். அவர் நிஜமாகவே கேட்டாரா, கிண்டல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதர்போர்டின் பின்பக்கம் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரு வட்டத் துளை இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பிஎஸ்/2, பழைய காலத்துக் கீபோர்டும் மவுஸும் செருகும் துளை. அதற்கும் யுஎஸ்பிக்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் 7க்கு அது நன்றாகத் தெரியும். கணக்கர் பரணிலிருந்து ஊதா நுனி வைத்த ஒரு கீபோர்டை எடுத்துத் தந்தார். ‘எஸ்’ எழுத்து அழுத்தினால் மேலே வராது. மற்றபடி வேலை செய்தது. டேப், என்டர் விசைகளாலேயே அடுத்த திரைக்குப் போனேன். ‘தேவையான சிடி/டிவிடி டிரைவர் இல்லை’ என்று ஒரு செய்தி வந்து நின்றது. இங்கே பலர் ஏமாந்துபோவார்கள், நானும் ஏமாந்தேன். சிடியும் டிவிடியும் இந்தக் கதையிலேயே இல்லை. எந்தப் பென் டிரைவிலிருந்து எழுந்ததோ அந்தப் பென் டிரைவையே அதனால் இப்போது படிக்க முடியவில்லை. யுஎஸ்பி டிரைவர் இல்லை என்பதைத்தான் அந்தச் செய்தி சுற்றி வளைத்துச் சொல்கிறது. நான் அதை நம்பி எஸ்எஸ்டி கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

லாரிகள் வேறொரு எடைமேடைக்குப் போய் எடை போட்டுக்கொண்டு போயின. நான் கணினியைக் காரில் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

இரண்டு வழிகள் இருந்தன. சாட்டா கேபிளில் இணைக்கும் டிவிடி டிரைவ் வைத்து, டிவிடியிலிருந்து நிறுவலாம். சாட்டாவுக்கு யுஎஸ்பி தேவையில்லை. சாட்டாவை இயக்கும் ஏஎச்சிஐ டிரைவர் விண்டோஸ் 7க்குள்ளேயே இருக்கிறது. பிஎஸ்/2 கீபோர்டும் இருந்தால் முழுதாக நிறுவிவிடலாம். பிறகு யுஎஸ்பி டிரைவரை இன்னொரு டிவிடியில் எழுதிக் கொடுக்க வேண்டும்; நெட்வொர்க் டிரைவரும் இருக்காது என்பதால் இணையத்திலிருந்து இறக்கலாம் என்று நம்ப முடியாது. ஒன்றிரண்டு கணினிக்கு இதுவே போதும், தலைவலி குறைவு. ஆனால் என் கடையில் இருந்த டிவிடி டிரைவின் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. நான்காவது வட்டையும் கெடுத்த பிறகு அந்த வழியை விட்டேன்.

இரண்டாவது வழி, நிறுவும் கோப்புகளுக்குள்ளேயே டிரைவரைத் திணிப்பது. இதற்கு விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்ற கட்டளை போதும்; வேறு மென்பொருள் வேண்டாம். விண்டோஸ் வட்டில் ‘சோர்சஸ்’ என்ற கோப்புறைக்குள் பூட்.விம், இன்ஸ்டால்.விம் என்று இரண்டு பெரிய கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு காலிக் கோப்புறையில் விரித்து, இன்எஃப் கோப்பு (டிரைவரை எப்படி நிறுவுவது என்று விண்டோஸுக்குச் சொல்வது) உள்ள டிரைவரைச் சேர்த்து, மாற்றத்தைச் சேமித்து மூட வேண்டும். சொல்வதற்கு எளிது. நான் மூன்று முறை தப்புச் செய்தேன். வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கு ஓர் இரவாவது மிச்சமாகட்டும்.

முதல் தப்பு: 64 பிட் டிரைவரை 32 பிட் விண்டோஸுக்குள் சேர்க்கப் பார்த்தேன். அது பிழை காட்டி மறுத்துவிட்டது. மறுத்ததால் பிழைத்தேன்.

இரண்டாவது, பூட்.விம் உள்ளே இரண்டு பிரதிகள் இருப்பதைக் கவனிக்கவில்லை. எண் 1, எண் 2 என்று தனித்தனி. நிறுவும்போது நாம் பார்க்கும் திரை எண் 2இலிருந்து வருகிறது. நான் எண் 1இல் மட்டும் சேர்த்துவிட்டு, ஏன் கீபோர்டு எழவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்போதிருந்து இரண்டிலும் சேர்த்துவிடுவதே என் வழக்கம்.

மூன்றாவதுதான் கொடுமை. பூட்.விம்மைச் சரி செய்ததும் எல்லாம் ஓடியது. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் மூன்றும் உயிரோடு இருந்தன. கோப்புகள் நகலாயின, கணினி மறுபடி எழுந்தது, ‘உங்கள் பெயரை எழுதுங்கள்’ என்றது. அங்கே கீபோர்டு மறுபடி செத்தது! இரவு ஒன்றரை மணி. நிறுவுகிற விண்டோஸும் நிறுவப்படுகிற விண்டோஸும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. முதல் ஆளுக்குக் கொடுத்த டிரைவர் இரண்டாம் ஆளுக்குப் போய்ச் சேராது, இன்ஸ்டால்.விம்முக்குள்ளும் தனியாகச் சேர்க்க வேண்டும். அதிலும் ஹோம், புரொபஷனல், அல்டிமேட் என்று பதிப்புக்கு ஓர் எண் இருக்கும். நீங்கள் நிறுவப்போகிற எண்ணைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

யாரோ டிரைவரெல்லாம் சேர்த்துத் தயாராக வைத்திருக்கும் விண்டோஸ் 7 இணையத்தில் கிடைக்கிறதே, அதை இறக்கினால் என்ன என்று கேட்பார்கள். டிரைவரோடு வேறு எதைச் சேர்த்தார் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்த சாவியால் என் கடையை நான் பூட்டமாட்டேன்.

பயாஸில் இரண்டு விஷயங்களை மாற்ற வேண்டியிருந்தது. செக்யூர் பூட்டை அணைப்பது, சிஎஸ்எம் என்ற பழைய முறை பூட்டை இயக்குவது. பயாஸுக்கு வெளியே, எஸ்எஸ்டியை எம்பிஆர் என்ற பழைய முறையில் வகுக்கவும் வேண்டியிருந்தது. 32 பிட் விண்டோஸ் 7 யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் எழவே எழாது. 64 பிட் எழும், ஆனால் அதற்கும் சிஎஸ்எம் தேவைப்படும். இல்லையென்றால் சின்னம் ஒளிரும் திரையிலேயே உறைந்து நிற்கும். இப்போது வரும் புதிய மதர்போர்டுகள் பலவற்றில் சிஎஸ்எம் வசதியே கிடையாது. வாங்கும் முன் மதர்போர்டின் கையேட்டில் இந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். எம்.2 துளையில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட்டிருந்தால் அது தனிக் கதை: கேபி2990941 என்ற திருத்தத்தையும் அதேபோல் உள்ளே திணிக்க வேண்டும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

மறுநாள் விண்டோஸ் எழுந்தது. திரை மட்டும் அகலமாகச் சப்பிப்போய் இருந்தது. ஏழாம் தலைமுறைச் செயலிகளுக்கு விண்டோஸ் 10 மட்டுமே என்று மைக்ரோசாஃப்ட் 2016 ஜனவரியிலேயே அறிவித்திருந்தது. உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு விண்டோஸ் 7 டிரைவர் தேடி அரை நாள் போனது. இன்எஃப் கோப்பைக் கையால் திருத்தி ஏற்றலாம் என்பார்கள். நான் செய்து பார்த்ததில் திரை கறுத்து, பாதுகாப்பு முறையில் எழுப்பி நீக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கீழக்கரையில் மூடிய ஒரு ஸ்டுடியோவின் கணினியிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய ஜிபோர்ஸ் 210 கிராபிக்ஸ் அட்டையைச் செருகினேன். அதற்கு முறையான விண்டோஸ் 7 டிரைவர் உண்டு. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. டிரைவரைத் தேடி அலைவதற்குப் பதில், டிரைவர் உள்ள அட்டையைத் தேடுவது பல நேரங்களில் மலிவு. யுஎஸ்பிக்கும் நெட்வொர்க்குக்கும்கூட இதே உபாயம் செல்லும்.

அடுத்தது எடைமேடையின் எண்காட்டி. அது ஒன்பது ஊசி சீரியல் கேபிளில் எடையை அனுப்பும். புது மதர்போர்டின் பின்பக்கம் சீரியல் துளை இல்லை. ஆனால் மதர்போர்டின் மேலேயே ‘காம்’ என்று பொறித்த ஊசி வரிசை இருந்தது. பல மதர்போர்டுகளில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அதற்கான சிறு கேபிளைப் பழைய சாமான்களில் தேடிச் செருகினேன். எடை வரவில்லை. இந்தக் கேபிள்கள் இரண்டு விதமான ஊசி வரிசையில் வருகின்றன, பார்க்க ஒன்றுபோல இருக்கும். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு ஊசியாகப் பார்த்து வரிசையை மாற்றிக் கோத்தேன். இதைச் சோதிக்க எண்காட்டி தேவையில்லை: துளையின் 2, 3ஆம் ஊசிகளைச் சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு, புட்டி என்ற நிரலில் அந்தத் துளையைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் துளை சரி. இதே வேலைக்குப் பழைய விண்டோஸில் இருந்த ஹைப்பர்டெர்மினல் விண்டோஸ் 7இல் கிடையாது, அதைத் தேட வேண்டாம்.

ஐந்தாம் நாள் பிற்பகல் முதல் லாரி மேடை ஏறியது. சீட்டு வந்தது. கணக்கர் அதைக் கிழித்து நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு டிரைவரிடம் கொடுத்தார். எனக்கு நுங்கு வாங்கித் தந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அந்த ஏப்ரலில் விண்டோஸ் அப்டேட் இந்தக் கணினியைப் பார்த்து, ‘ஆதரவு இல்லாத வன்பொருள்’ என்று சொல்லி நின்றுவிட்டது. ஏழாம் தலைமுறைச் செயலி என்பதுதான் காரணம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மே 12ஆம் தேதி வான்னாக்ரை கிளம்பியது; கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கணினிப் புழு அது. அது பிடித்த கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. செய்தியைப் பார்த்ததும் உப்பளத்துக்குத் தொலைபேசி செய்து, சாம்பல் நிற கேபிளைப் பிடுங்குங்கள் என்றேன். கணக்கர் மின் கேபிளைப் பிடுங்கிவிட்டார். தொடர்பு அறுந்தது என்ற வகையில் அதுவும் சரிதான். மறுநாள் கேபி4012212 என்ற மார்ச் மாதத் திருத்தத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கையால் நிறுவினேன். அன்றிலிருந்து அந்தக் கணினி இணையத்தைப் பார்த்ததில்லை. சீட்டு அடிக்கிற கணினிக்கு இணையம் எதற்கு?

இப்போது அந்த ‘முழுச் சரியில்லாத முடிவு’. 2021இல் மண்டபத்தில் ஒரு புகைப்பட ஸ்டுடியோவுக்கு இதே சிக்கல் வந்தது: அச்சிடும் இயந்திரத்துக்கு விண்டோஸ் 7 டிரைவர் மட்டும். இந்த முறை புதுக் கணினியில் விண்டோஸ் 10ஐ அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு பொய்க் கணினியை உருவாக்கும் நிரல்) போட்டு, அதற்குள் விண்டோஸ் 7ஐ நிறுவினேன். ஒரு டிரைவர்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் தன்னை 1990களின் இன்டெல் சிப்செட் போல வேடம் கட்டிக் காட்டுகிறது. விண்டோஸ் 7க்கு அது பழகிய முகம். அச்சு இயந்திரத்தின் யுஎஸ்பியை மட்டும் உள்ளே கடத்திவிட்டால் போதும். சீரியல் துளையையும் அப்படிக் கடத்தலாம். உப்பளத்தில் இதை முயன்றிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கக்கூடும். டாங்கிள் உள்ளே போயிருக்குமா என்பது ஒரு சந்தேகம். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இரண்டு விண்டோஸ் எழக் கணக்கர் பொறுத்திருப்பாரா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். ஆனாலும் இப்போது யார் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கிறேன்.

உப்பளத்துக்கு நான் செய்ததில் உருப்படியானவை இரண்டு. வேலை முடிந்த அன்றே எஸ்எஸ்டியை முழுதாகப் படியெடுத்து இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்தேன். ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம். அடுத்து, அதே ரக மதர்போர்டு இன்னொன்றை வாங்க வைத்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மாடு இருக்கும்போதே இன்னொரு மாட்டுக்குக் கயிறு வாங்குவதுபோல என்றார். அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தோம்.

2022 ஆடியில், கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், கணக்கர் தொலைபேசியில் அழைத்தார். திரை வரவில்லை என்றார். போய்ப் பெட்டியைத் திறந்தேன். அதே பச்சை. டப்பாவைத் திறந்து மதர்போர்டை மாற்றி, செயலியையும் எஸ்எஸ்டியையும் பழைய அட்டையையும் செருகி, பயாஸில் அந்த இரண்டையும் மாற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுந்தேன். வரிசையில் இரண்டே லாரிகள்தான் நின்றன.

“இந்தத் தடவை உள்ளே டிரைவர் இருந்தாரா?” என்று கேட்டார் கணக்கர். ‘எஸ்’ எழுத்து மேலே வராத கீபோர்டை அவர் மேசை மேல் எடுத்து வைத்திருந்தார், தேவைப்படுமோ என்று.